வீட்டுப் பயிற்சிக்கு எந்தக் கீபோர்டு?



தென்காசி, மேலகரம், இலஞ்சி, குற்றாலம், செங்கோட்டை என்று எந்த வீட்டு ஜெபத்துக்குப் போனாலும் இப்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "பிரதர், பையன் கீபோர்டு வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். எத வாங்குறது? வாங்குறதுதான் வாங்குதீங்க, பியானோவே வாங்கிருங்கன்னு வேற சொல்லுதாங்க." நான் சனிக்கிழமை சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்து வருகிறேன். "கடைக்குக் கூட வாரீங்களா?" என்று கூப்பிடுகிறவர்களோடு போய்வந்தும் இருக்கிறேன். அதில் கண்டதையும் கற்றதையும் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். இது எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் அல்ல.

ஏன் இதற்கு ஒரு பாடம் என்று கேட்பீர்கள். நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் இந்தப் பணம் தாயார் பீடி சுற்றிச் சேர்த்த பணம். சில வீடுகளில் மகளிர் குழுவில் எடுத்த கடன். அப்படி வாங்கிய கருவி ஆறு மாதத்தில் பழைய சேலை சுற்றி பீரோவுக்கு மேலே ஏறிவிட்டால், போனது பணம் மட்டுமா? "எனக்கு மியூசிக் வராது" என்று அந்தப் பிள்ளை தீர்மானம் பண்ணிவிடுகிறது. பல நேரம் குறை பிள்ளையிடத்தில் இல்லை, கருவியைத் தெரிந்துகொண்ட விதத்தில் இருக்கிறது.

ஆகவே முதலிலேயே சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கிற கருவிக்கு ஒரே ஒரு வேலை: பிள்ளையின் கையையும் காதையும் பழக்குவது. அந்த வேலையைச் செய்கிற கருவி நல்ல கருவி. மற்ற எல்லாம் அதற்குப் பின்புதான்.

1. கடையில் சொல்லுகிற பெயர்கள்

கடைக்காரர் நான்கு விதமான பெயர் சொல்லுவார். ஒவ்வொன்றும் வேறு வேறு காரியம்.

அ) போர்ட்டபிள் கீபோர்டு. பெரும்பாலும் 61 கட்டை. ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும். நூற்றுக்கணக்கான சத்தங்களும் தாளங்களும் இருக்கும். கட்டைகள் இலேசாக, ஸ்பிரிங் வைத்தது போல இருக்கும். மூன்று நான்கு கிலோ எடையில்கூடக் கிடைக்கிறது.

ஆ) டிஜிட்டல் பியானோ. 88 கட்டை. நிஜப் பியானோவைப் போலக் கட்டைகள் கனமாக இருக்கும். சத்தங்கள் குறைவு, தாளம் அநேகமாக இருக்காது. யமஹா பி-45 என்ற மாடல் 2015ல் வந்தது, அதற்குப் பதிலாக 2023ல் பி-145 வந்தது. காஸியோவில் சிடிபி-எஸ் வரிசையும், ரோலண்டில் 2019ல் வந்த எஃப்பி-10 மாடலும் இதே இனம். எல்லாம் சுமார் 10 முதல் 12 கிலோ எடை.

இ) சிந்தசைசர், வொர்க்ஸ்டேஷன். மேடைக்காரர்களுக்கானது. பலவற்றில் ஸ்பீக்கரே இருக்காது. வீட்டில் வைத்தால் தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஆரம்பப் பிள்ளைக்கு இது வேண்டாம்.

ஈ) மிடி கன்ட்ரோலர். பார்க்கக் கீபோர்டு மாதிரியே இருக்கும், விலையும் குறைவு. ஆனால் பொதுவாக இதற்குச் சொந்தச் சத்தம் கிடையாது. கம்ப்யூட்டரோடோ போனோடோ இணைத்தால்தான் பேசும். "ஆன்லைன்ல மலிவா கிடைச்சுது பிரதர், ஆனா சத்தமே வரமாட்டேங்குது" என்று ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். கருவி நன்றாகத்தான் இருந்தது. வாங்கினது வேறு கருவி.

2. ஆர்மோனியமும் பியானோவும்: விரலுக்கு என்ன வித்தியாசம்?

நம் சபைகளில் மூத்தவர்கள் பலர் ஆர்மோனியத்தில் தேறினவர்கள். மடியிலோ தரையிலோ வைத்து வாசிக்கும் கைப்பெட்டி ஆர்மோனியம் 1875ல் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அமைத்ததிலிருந்து நம் தேசமெங்கும் பரவியது. அதில் ஒரு கை துருத்தி போடுகிறது, ஒரு கை வாசிக்கிறது. சத்தம் கூடுவதும் குறைவதும் காற்றைப் பொறுத்தது. கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் கூடாது.

பியானோ அப்படியல்ல. சுமார் 1700ல் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் அதைச் செய்தபோதே, அதன் பெயரை மென்மை, வன்மை என்ற பொருள்தரும் இரண்டு இத்தாலியச் சொற்களால் அழைத்தார்கள். பியானோஃபோர்ட்டே என்பதுதான் பியானோ என்று சுருங்கியது. விரல் பூப்போல இறங்கினால் பூப்போலப் பேசும். விரைந்து இறங்கினால் முழங்கும்.

இதை எலெக்ட்ரானிக் கருவியில் எப்படிச் செய்கிறார்கள்? ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இரண்டு தொடர்புப் புள்ளிகள் வைக்கிறார்கள். கட்டை இறங்கும்போது முதல் புள்ளி தொடுகிறது, பிறகு இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று கருவி அளக்கிறது. நேரம் குறைவானால் விரல் வேகமாக வந்தது என்று அர்த்தம், சத்தத்தைக் கூட்டுகிறது. இதற்குத்தான் "டச் ரெஸ்பான்ஸ்" அல்லது "டச் சென்சிட்டிவ்" என்று பெயர். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் இது கிடையாது. எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம்.

ஆர்மோனியம் வாசித்த பெரியவருக்கு டச் இல்லாத கீபோர்டில் ஒரு குறையும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் கைக்கு அது உண்மை. ஆனால் பிள்ளை இரண்டு வருஷம் அதிலேயே பழகினால், விரலுக்கு மென்மை வன்மை என்ற வித்தியாசமே தெரியாமல் போகும். ஜெப நேரத்தில் மெல்லிய சத்தத்தில் பின்னணி வாசிக்கச் சொன்னால் அந்தக் கைக்கு வராது. வால்யூமைத்தான் குறைக்கத் தெரியும்.

ஆகையால் பிரியமானவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: டச் ரெஸ்பான்ஸ் இல்லாத கீபோர்டை பயிற்சிக்கு வாங்க வேண்டாம். சத்தம் 100 இருக்கட்டும், 600 இருக்கட்டும். பயிற்சிக்கு வேண்டியது ஒரு நல்ல பியானோ சத்தம்தான்.

3. எத்தனை கட்டை வேண்டும்?

பியானோவில் 88 கட்டை, ஏழு ஆக்டேவுக்கு மேல். 61 கட்டையில் ஐந்து ஆக்டேவ். 49ல் நான்கு. நாம் சபையில் பாடுகிற பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் ராகம் ஒன்றரை ஆக்டேவுக்குள் அடங்கிவிடும். வலது கை ராகத்துக்கும் இடது கை கார்டுக்கும் 61 கட்டை தாராளம்.

ஆனால் கட்டையின் எண்ணிக்கையை விடக் கட்டையின் அளவைப் பாருங்கள். விளையாட்டுச் சாமான் போன்ற சின்னக் கீபோர்டுகளில் கட்டைகள் குறுகலாக இருக்கும். நிஜ அளவுள்ள கட்டையில் ஒரு ஆக்டேவ், அதாவது ஏழு வெள்ளைக் கட்டை, சுமார் 16.5 சென்டிமீட்டர் இருக்கும். கையில் ஒரு ஸ்கேல் கொண்டுபோய் அளந்தே பார்க்கலாம், வெட்கம் வேண்டாம். குறுகின கட்டையில் பழகிய விரல் சபைக் கீபோர்டில் தடுமாறும்.

அப்படியானால் 88 கட்டை டிஜிட்டல் பியானோ யாருக்கு? பியானோ முறைப்படி படிக்கிற பிள்ளைக்கு. டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிரேடு தேர்வுகளில் பியானோ ஒரு பாடம், எலெக்ட்ரானிக் கீபோர்டு வேறு ஒரு பாடம். கீபோர்டு தேர்வில் தாளத்தோடு வாசிப்பதும் பாடத்திட்டத்தில் உண்டு. பியானோ பாடத்துக்குக் கனமான கட்டை தேவை. ஆகவே தேர்வு எண்ணம் இருந்தால் கடைக்குப் போகுமுன் ஆசிரியரிடத்தில் "எந்தப் பாடத்துக்குப் பிள்ளையைத் தயார் பண்ணுகிறீர்கள்?" என்று கேளுங்கள். பிள்ளை சபையில் பாட்டுக்கு வாசிப்பதே நோக்கமானால், நல்ல 61 கட்டைக் கீபோர்டிலே தொடங்குவது போதும். இரண்டு வருஷம் விடாமல் வாசித்தபின் பெரியதைப் பற்றி யோசிக்கலாம்.

4. இரண்டு பட்டன்கள்

இந்தப் பாடத்தில் நான் அதிகமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். கீபோர்டில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டும் நல்ல வேலைக்காரர்கள், ஆனால் எஜமான்களானால் பிள்ளையின் கையைக் கெடுத்துப்போடும்.

முதலாவது, டிரான்ஸ்போஸ் பட்டன். நம் ஊரில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்லுகிறோம். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. வெள்ளைக் கட்டையிலேயே வாசித்துப் பழகிய பிள்ளைக்கு எல்லாப் பாட்டும் சி மேஜர்தான். வேறு சுருதி வேண்டுமானால் டிரான்ஸ்போஸை அமுக்கும், கருவி சுருதியை மாற்றிக்கொடுக்கும், விரல் அதே வெள்ளைக் கட்டையில் ஓடும்.

வீட்டில் இதில் ஒரு தொல்லையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகிறது? சாட்சி சொல்ல எழும்புகிற ஒரு பாட்டியம்மா, யாரையும் கேட்காமல், தனக்கு வசதியான சுருதியில் ஒரு பாட்டை எடுக்கிறார்கள். அது ஐந்தரைக் கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி முதலில் சுருதியைத் தேடவேண்டும். பிறகு டிரான்ஸ்போஸை மைனஸ் நாலுக்குக் கொண்டுபோக வேண்டும். சபைக் கருவி வேறு கம்பெனியானால் அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்றும் தேடவேண்டும். அதற்குள் பல்லவி முடிந்து சரணம் வந்துவிடும். முழுச் சபையும் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்க, வாசிக்கிறவன் மட்டும் குனிந்து பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறான். அடுத்த வாரம் கூச்சப்பட்டுக் கீபோர்டு பக்கமே வரமாட்டான். இப்படிப் பின்வாங்கின பிள்ளைகளை நான் அறிவேன்.

இரண்டாவது, ஆட்டோ அக்கம்பனிமென்ட், அதாவது தானாகத் தாளமும் பேஸும் கார்டும் வாசிக்கிற ஸ்டைல் பட்டன். இடது கையில் ஒன்றிரண்டு விரலை வைத்தால் ஒரு குழுவே வாசிப்பதுபோல இருக்கும். கேட்கிற மாமாவும் அத்தையும் "ஆகா" என்பார்கள். வாசித்தது கருவி. பிள்ளையின் இடது கை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைச் சபைக்குக் கொண்டுவந்து, டிரம்ஸ் வாசிக்கிற தம்பியின் பக்கத்தில் உட்காரவைத்தால், ஸ்டைல் போட முடியாது. இரண்டு தாளம் மோதும். அப்போது இடது கைக்கு ஒன்றும் தெரியாது.

பட்டனே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்டைலின் வேகத்தோடு சேர்ந்து வாசிப்பது காலப்பிரமாணத்துக்கு நல்லதுதான். ஆனால் முதல் ஆறு மாதம் வீட்டில் இந்த இரண்டு பட்டன்களையும் தொடுவதில்லை என்று ஒரு ஒழுங்கு வையுங்கள். ஆலங்குளம் பக்கத்தில் ஒரு பிள்ளையின் தாயார் அந்த இரண்டு பட்டன்கள் மேலும் சின்னதாகப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள். "பிரதர் சொன்னாக, ஒட்டிட்டேன். உரிச்சா எனக்குத் தெரிஞ்சிரும்" என்றார்கள். அந்தப் பிள்ளை முதலில் அழுதாள். எட்டாம் மாதம் ஐந்தரைக் கட்டையில் ஒரு பெரியம்மா எடுத்த பாட்டுக்கு, முதல் வரி முடியுமுன் சேர்ந்து வாசித்தாள். அவள் வைத்திருந்தது இரண்டாம் கையாக வாங்கின 61 கட்டைக் கீபோர்டு.

5. கடையில் செய்யவேண்டிய சோதனை

கடைக்காரர் டெமோ பாட்டைப் போட்டுக் காண்பிப்பார். அது எல்லாக் கருவியிலும் இனிமையாகத்தான் இருக்கும். அதை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள். வாசிக்கத் தெரியாத தாய் தகப்பனும் செய்யலாம்.

* பியானோ சத்தத்தில் வைத்து, ஒரே கட்டையைப் பூப்போல ஒரு தரம், வேகமாக ஒரு தரம் அழுத்துங்கள். வித்தியாசம் காதில் விழ வேண்டும்.
* இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒவ்வொரு கட்டையையும், கறுப்பையும் விடாமல், ஒரே அளவில் அழுத்திப் பாருங்கள். ஏதாவது ஒன்று மட்டும் அலறினாலோ ஊமையானாலோ வேண்டாம்.
* கட்டை மேலே எழும்பும்போது டக் டக் என்று அதிகமாக இடிக்கிறதா என்று வால்யூமைக் குறைத்துக் கேளுங்கள். சின்ன வீட்டில் இராத்திரி அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்கும்.
* சஸ்டெயின் பெடல் மாட்டுகிற துளை இருக்கிறதா? ஹெட்போன் துளை இருக்கிறதா? இரண்டும் இருக்க வேண்டும்.
* "பாலிஃபனி எத்தனை?" என்று கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும் என்பது அதன் அர்த்தம். ஆரம்பத்துக்கு 32 போதும். பெடலை அழுத்திப் பியானோ வாசிக்கிறவருக்கு 64 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் முந்தின சுரங்கள் பாதியிலே அறுந்துபோகும்.
* "ரிப்பேர் வந்தால் எங்கே கொண்டுபோக வேண்டும்?" என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள். திருநெல்வேலியோ மதுரையோ, இடத்தின் பெயரை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சென்னை அண்ணா சாலையில் 1842ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளுக்குப் போக வசதியுள்ளவர்கள் பல கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்கலாம். போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். சபையில் கீபோர்டு வைத்திருக்கிற இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய்ப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டையில் கை தானாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

6. பழைய கருவி வாங்கலாமா?

வாங்கலாம். கையில் பத்தாயிரம் ரூபாய்க்குள் இருந்தால், டச் இல்லாத புதியதைவிட டச் உள்ள பழையது மேல். ஆனால் பழைய கீபோர்டில் முதலில் தேய்வது கட்டைக்குக் கீழே இருக்கிற ரப்பர் தொடர்புப் பட்டை. அதில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் சில கட்டைகள் பேசாது, சில கட்டைகள் திடீரென்று கத்தும். பல நேரம் மெக்கானிக் திறந்து துடைத்தால் அல்லது பட்டையை மாற்றினால் சரியாகிவிடும். அந்தச் செலவைக் கேட்டு விலையில் கழித்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளே முழுவதும் தெரிகிறதா, அடாப்டர் அதே கம்பெனியுடையதா என்றும் பாருங்கள். அரை மணி நேரம் விடாமல் வாசித்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

7. நம் ஊர்ச் சாரலும் கரண்டும்

வெளியூர்க்காரர்கள் சொல்லாத காரியம் இது. ஆரியங்காவு கணவாய் வழியே காற்று வந்து, ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சீசன். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிற நாட்களில் தென்காசி வீட்டுக்குள் போட்ட துணி இரண்டு நாள் ஆனாலும் காய்வதில்லை. துணிக்கு வருகிற ஈரம் கீபோர்டுக்கும் வரும்.

ஜன்னல் ஓரத்திலும், ஓதம் ஏறுகிற சுவர் ஓரத்திலும் கருவியை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணியால் மூடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைத் துணிக்குள் வையுங்கள். சீசனில் தினமும் வாசிப்பதே நல்ல பராமரிப்பு. மூடியே கிடக்கிற கருவியில்தான் எறும்பும் பூஞ்சணமும் குடியேறும். துடைக்க ஈரத்துணி வேண்டாம், காய்ந்த மெல்லிய துணி போதும். கட்டைமேல் காப்பித் தம்ளர் வைக்கிற பழக்கத்தை வீட்டில் ஒருவருக்கும் அனுமதியாதிருங்கள்.

சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி மின்னல் அதிகம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கை உருவிவிடுங்கள். அடாப்டர் காரியத்தில் அதிக ஜாக்கிரதை வேண்டும். பின் துளைக்குள் சரியாகப் போகிறது என்பதற்காக வேறு அடாப்டரை மாட்டாதீர்கள். ஒன்று 9 வோல்ட், ஒன்று 12 வோல்ட். பிளஸ் மைனஸும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு நிமிஷத்தில் உள்ளே எரிந்துபோக வாய்ப்பு உண்டு. போர்ட்டபிள் கீபோர்டுகள் பலவும் பேட்டரியிலும் ஓடும். கரண்ட் போனாலும் பயிற்சி நிற்காது. டிஜிட்டல் பியானோக்களில் சிலவற்றுக்குத்தான் இந்த வசதி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

8. பணத்தைக் குறித்து

இன்றைய நிலவரத்தில், சுமாராகச் சொன்னால், டச் உள்ள 61 கட்டைக் கீபோர்டு 12 ஆயிரத்திலிருந்து 20 ஆயிரம் வரை ஆகிறது. கனமான 88 கட்டை டிஜிட்டல் பியானோ 40 ஆயிரத்துக்கு மேல். ஸ்டாண்டு, பெடல், ஹெட்போன், முதுகு நிமிர்ந்து உட்கார ஒரு ஸ்டூல், இவற்றுக்கு இரண்டு மூன்று ஆயிரம் ஒதுக்கி வையுங்கள். மொத்தப் பணத்தையும் கருவிக்கே கொட்டிவிட்டு, கட்டில்மேல் வைத்து, பிள்ளை கூன் போட்டு வாசிக்கிற வீடுகள் உண்டு. கட்டைகள் தரையிலிருந்து சுமார் 70 சென்டிமீட்டர் உயரத்தில், உட்கார்ந்தால் முழங்கைக்கு நேராக இருக்க வேண்டும்.

வட்டிக்குக் கடன் வாங்கிக் கருவி வாங்காதீர்கள். மாதத் தவணை கட்ட முடியாத மாதத்தில் அந்தக் கோபம் பிள்ளைமேல் திரும்பும். "உனக்காகத்தானே கடன் வாங்கினேன், ஏன் வாசிக்க மாட்டேங்க?" என்று கேட்ட நாளிலிருந்து அந்தக் கீபோர்டு பிள்ளைக்குப் பாரமாகிவிடும். பணம் சேரும்வரை சபைக் கீபோர்டில் வாரம் இரண்டு நாள் பழக போதகரிடத்தில் அனுமதி கேளுங்கள். எந்த நல்ல போதகரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

9. வாங்கின பின்பு: தினமும் இருபது நிமிஷம்

ஞாயிறு மத்தியானம் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிடத் தினமும் இருபது நிமிஷம் வாசிப்பது விரலில் தங்கும். நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஒழுங்கு இது.

முதல் ஐந்து நிமிஷம்: ஒரு ஸ்கேல், இரண்டு கையிலும், நிதானமாக. வாரத்துக்கு ஒரு கட்டை. இந்த வாரம் ஒரு கட்டை, அடுத்த வாரம் ஒன்றரை. பன்னிரண்டு வாரத்தில் பன்னிரண்டும் ஒரு சுற்று வந்துவிடும்.

அடுத்த ஐந்து நிமிஷம்: அந்த ஸ்கேலின் மூன்று முக்கிய கார்டுகள், இடது கையில், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தடையில்லாமல் மாறுவது.

அடுத்த ஏழு நிமிஷம்: தெரிந்த ஒரு பாட்டு, அதே சுருதியில்.

கடைசி மூன்று நிமிஷம்: அம்மாவோ தங்கையோ ஏதாவது ஒரு பாட்டை அவர்கள் இஷ்டப்பட்ட சுருதியில் எடுக்கட்டும். பிள்ளை சுருதியைக் கண்டுபிடிக்கட்டும். இது பிள்ளைக்கு விளையாட்டு மாதிரி. ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய பயிற்சி இதுதான், வீட்டார் எல்லாரும் அதில் சேர்ந்துகொள்ளலாம்.

ஹெட்போன் போட்டால் வால்யூமைப் பாதிக்குக் கீழே வையுங்கள், பிள்ளைகளின் காது மிருதுவானது. ஆனால் எப்போதும் ஹெட்போனிலேயே வாசிக்க விடாதீர்கள். வீட்டார் கேட்கும்படி வாசித்துப் பழகாத பிள்ளை சபை கேட்க வாசிக்கப் பயப்படும்.

பிரியமானவர்களே, தாவீதின் நாட்களில் பாட்டிலும் வாத்தியத்திலும் பயிற்சி பெற்றவர்களின் தொகை 288 என்று 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்களில் கற்பிக்கிறவர்களும் இருந்தார்கள், கற்கிறவர்களும் இருந்தார்கள். பயிற்சி என்பது நேற்று வந்த காரியமல்ல. உங்கள் வீட்டில் வரப்போகிற கருவி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தொட்டால் விரலுக்குப் பதில் சொல்லுகிறதாக, நிஜ அளவுக் கட்டை உள்ளதாக, கடனில்லாமல் வந்ததாக, தினமும் திறக்கப்படுகிறதாக இருக்கட்டும்.

சிந்தித்துப் பதில் எழுதுங்கள்

1. டச் ரெஸ்பான்ஸ் என்றால் என்ன? ஆர்மோனியத்தில் சத்தம் எதனால் கூடுகிறது, பியானோவில் எதனால் கூடுகிறது?
2. டிரான்ஸ்போஸ் பட்டனையே நம்பியிருக்கிறவருக்கு ஆராதனையில் என்ன கஷ்டம் வரும்?
3. நாலரைக் கட்டை என்பது கீபோர்டில் எந்தக் கட்டை? கருவியில் தொட்டுக் காட்டுங்கள்.
4. சீசன் நாட்களில் கீபோர்டை எப்படிப் பாதுகாக்க வேண்டும்? மூன்று காரியம் எழுதுங்கள்.
5. உங்கள் வீட்டில் ஏற்கனவே ஒரு கீபோர்டு மூடிக் கிடக்கிறதா? இந்த வாரம் அதைத் திறந்து ஒவ்வொரு கட்டையையும் சோதித்துப் பாருங்கள். உங்களுக்குத் தேவையில்லையானால், சபையில் கருவி இல்லாமல் காத்திருக்கிற ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாமா என்று குடும்பமாகப் பேசித் தீர்மானியுங்கள்.